பெரிய டாக்டர் லெட்டரா, உன்னைப் பாத்த டாக்டர் லெட்டரா?

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். நான் பட்டர்வொர்த் பொண்ணு, வயசு 19, பினாங்குல ஏ-லெவல் படிக்கிறேன், மெடிசினுக்கு அப்ளை பண்ணப் போறேன். யூகாஸ்ங்கிற பொது அப்ளிகேஷன் சிஸ்டம் மூலமா யூ.கே, இங்க பினாங்குல உள்ள மெடிக்கல் காலேஜ் ஆர்.யு.எம்.சி, இன்னும் ரெண்டு பிரைவேட் யுனிவர்சிட்டி. போன லீவுல எங்க வீட்டுப் பக்கத்துக் கிளினிக்ல மூணு வாரம் டாக்டர்கூட உக்காந்து பாத்தேன், கவுண்டர்லயும் நின்னேன். அப்பாவோட ஃபிரண்டு ஒருத்தர் பெரிய பிரைவேட் ஹாஸ்பிட்டல்ல ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட், டத்தோ பட்டம் வேற, அவர் எனக்கு ரெகமண்டேஷன் லெட்டர் தர்றேன்னு சொல்லிட்டாராம், அதுதான் வெயிட்டுன்னு அப்பா சொல்றார். அமெரிக்காவுல படிக்கிற கசின் அக்கா மூணு டாக்டர் லெட்டராவது வேணும்னு சொல்றாங்க. கிளினிக் டாக்டருக்கு வாட்சாப்ல கேட்டேன், "நீயே எழுதிட்டு வா, நான் சைன் போட்டுத் தர்றேன்"னு ரிப்ளை வந்துச்சு. என்னைப் பத்தி நானே எழுதக் கூச்சமா இருக்கு, திரும்பக் கேக்கவும் பயமா இருக்கு. என்ன பண்றது டாக்டர்?

பதில்:

முதல்ல பதிலச் சொல்லிடுறேன்மா, காரணமெல்லாம் பின்னாடி வருது. லெட்டர்னு ஒன்னு தேவைப்பட்டா அத அந்தக் கிளினிக் டாக்டர்கிட்டதான் வாங்கணும், டத்தோ அங்கிள்கிட்ட வேணாம். நீயே எழுதி சைன் வாங்குறதும் வேணாம். அதுக்காக அந்த டாக்டர் மேல வருத்தப்படாத, அவர் உன்னை ஒதுக்கல, நேரமில்லாத மனுஷன் சொல்ற பதில் அது, அவரோட வேலையை நீ எப்படி லேசாக்கிக் குடுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, அதத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போறேன். நான் இந்த ரெண்டு பக்கமும் உக்காந்தவ. என் கிளினிக்ல வந்து பாத்த பிள்ளைங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன், மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூ பேனல்ல உக்காந்து மத்த டாக்டருங்க எழுதினதப் படிச்சும் இருக்கேன், அதனால எது படிக்கிறவங்க மனசுல நிக்கும் எது நிக்காதுன்னு எனக்குத் தெரியும்.

ஆனா அதுக்கு முன்னாடி, எந்த இடத்துக்கு லெட்டர் வேணும், எந்த இடத்துக்கு வேணாம்னு பாத்துடுவோம், ஏன்னா நம்ம வீடுகள்ல இத விசாரிக்காமலேயே லெட்டருக்கு ஓட ஆரம்பிச்சிடுறாங்க. உன் கசின் அக்கா சொன்னது பொய்யில்ல, அது அமெரிக்கா முறை. அங்க முதல்ல ஒரு டிகிரி முடிச்சிட்டுதான் பெரும்பாலும் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றாங்க, ஆம்காஸ்னு ஒரு பொது சிஸ்டம் இருக்கு, அதுல 10 லெட்டர் வரைக்கும் ஏத்தலாம், பாடம் எடுத்த சயின்ஸ் புரொஃபசருங்க லெட்டரத்தான் முக்கியமா கேப்பாங்க, கூட நின்னு பாத்த டாக்டரோட லெட்டர் அதுக்கு மேல சேர்றது. டி.ஓ-ன்னு சொல்ற ஆஸ்டியோபதிக் ஸ்கூல்கள்ல நிறைய இடத்துல டாக்டர் லெட்டர எதிர்பாப்பாங்க, அதுவும் ஒரு டி.ஓ டாக்டர் எழுதினதா இருந்தா ரொம்ப நல்லதும்பாங்க. எழுதின லெட்டர நான் பாக்க மாட்டேன்னு ஸ்டூடன்ட் முன்கூட்டியே உரிமைய விட்டுக்குடுக்கிற வழக்கமும் அங்க உண்டு, அப்பதான் எழுதினவர் மனசு விட்டு எழுதியிருப்பார்னு நம்புவாங்க. நீ அங்க போகல, அதனால மூணு டாக்டர் லெட்டர்ங்கிற கவலைய இப்பவே இறக்கி வச்சிடு.

யூகாஸ் வேற மாதிரி. அங்க ரெஃபரன்ஸ் ஒன்னே ஒன்னு, அதுவும் உன் காலேஜ்லேர்ந்து, உன்னைப் படிப்புல தெரிஞ்ச டீச்சரோ கவுன்சிலரோ எழுதுறது. சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ் யாரும் எழுதக்கூடாதுன்னு யூகாஸே தெளிவாச் சொல்லுது. டாக்டர் லெட்டர இணைக்க அந்த ஃபாரத்துல இடமே கிடையாது, கிளினிக் டாக்டர் லெட்டரும் சரி, டத்தோ அங்கிள் லெட்டரும் சரி. இது அப்பாவுக்குத் தெரியுமான்னு கேளு, பாதி வாக்குவாதம் அங்கயே முடிஞ்சிடும்னு நினைக்கிறேன். ஆனா உன் கிளினிக் அனுபவம் அதனால வீணாப் போகாது. 2024-ல சேர்ந்த பிள்ளைங்க காலத்துலேர்ந்து யூகாஸ் ரெஃபரன்ஸ மூணு பகுதியாப் பிரிச்சிட்டாங்க, முதல் பகுதி காலேஜப் பத்தி, ரெண்டாவது உன் படிப்பப் பாதிச்ச சூழ்நிலை ஏதாவது இருந்தா அது, மூணாவது நீ எடுக்கப்போற கோர்ஸுக்கு உதவுற மாதிரி உன்னைப் பத்தின வேற தகவல். அந்த மூணாவது பகுதிக்குத்தான் டீச்சருக்கு விஷயம் தேவைப்படும், பாவம் அவங்க உன்னை கிளாஸ்ல மட்டும்தான் பாத்திருக்காங்க, கிளினிக் டாக்டர் எழுதின நாலு வரிய நீ அவங்ககிட்ட குடுத்தா அதுலேர்ந்து அவங்க எடுத்துக்க முடியும். மெடிசினுக்கு யூகாஸ் கடைசி நாள் 15 அக்டோபர், இங்கிலாந்து நேரம் சாயந்திரம் 6 மணி, நம்ம நேரத்துக்கு அது 16-ஆம் தேதி ராத்திரி 1 மணி ஆகுது, ஆனா அத நம்பி உக்காந்துடாத, காலேஜ்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு உள் தேதி வச்சிருப்பாங்க, அதுதான் உன் நிஜமான கடைசி நாள்.

இங்க உள்ள பிரைவேட் யுனிவர்சிட்டிக்கு நேரா அந்தந்த இடத்துலதான் அப்ளை பண்ணணும், ஒவ்வொருத்தர் ஃபாரமும் ஒவ்வொரு மாதிரி, ஆர்.யு.எம்.சி உட்பட எல்லாத்துக்கும் அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு ரெண்டே கேள்வி கேளு: ரெஃபரன்ஸ் லெட்டர் வேணுமா, வேணும்னா யார் எழுதணும். ஸ்காலர்ஷிப் ஃபாரங்கள்லயும் ரெஃபரி பேர் கேக்குறது சகஜம், கிளினிக் டாக்டர் பேரு அங்க நல்லா உதவும். எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன் முடிச்சு யூ.பி.யு வழியா அரசாங்க யுனிவர்சிட்டிக்குப் போற பிள்ளைங்க யாராவது இதப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை: உங்க மெரிட் மார்க் 90 பங்கு படிப்பு, 10 பங்கு புறப்பாடம், அதுல டாக்டர் லெட்டருக்குன்னு ஒரு மார்க்கும் இல்ல, ஒய்.பி-கிட்ட (எம்.பி, சட்டமன்ற உறுப்பினர்கிட்ட) போய் ஆதரவுக் கடிதம் வாங்குறேன்னு அலையாதீங்க, அந்த நேரத்த இன்டர்வியூவுக்குச் செலவு பண்ணுங்க.

இப்ப டத்தோ அங்கிள் விஷயத்துக்கு வர்றேன், உன் கேள்வியில எனக்கு முக்கியமாப் பட்டது இதுதான். அப்பா சொல்றதுல ஒரு பாசம் இருக்கு, நம்ம ஊர்ல எத்தனையோ வருஷமா எந்த வேலைக்குப் போனாலும் யாராவது பெரிய மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாதான் நடக்கும்னு பாத்துப் பழகின தலைமுறை அவங்க, அதனால அவர் தப்பு பண்றார்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பேனல்ல உக்காந்து படிக்கிற எங்க கண்ணுக்கு அந்த லெட்டர் எப்படித் தெரியும்னு சொல்றேன். சும்மா ஒரு மாதிரிக்கு நான் எழுதிக் காட்டுறேன். "இந்தப் பெண்ணைச் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். நல்ல குடும்பம். அடக்கமானவர், கடின உழைப்பாளி. சிறந்த மருத்துவராக வருவார் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு." கீழ நீளமா பட்டங்கள், முத்திரை, கையெழுத்து. படிச்சு முடிச்சதும் எங்களுக்கு உன்னைப் பத்தி என்ன தெரிஞ்சுது? ஒன்னும் தெரியல. அந்த அங்கிளைப் பத்தித் தெரிஞ்சுது, உங்க அப்பாவுக்கு அவரைத் தெரியும்னு தெரிஞ்சுது. அதே நாலு வரிய பேர மாத்தி வேற எந்தப் பிள்ளைக்கும் குடுக்கலாம், அப்படிக் குடுத்தும் இருப்பாங்க. இன்னொன்னும் இருக்கு, பேனல்ல உள்ள ஒருத்தராவது "இந்தப் பொண்ணுக்கு ஆள் இருக்கு"ன்னு நினைச்சா அது உனக்கு நல்லது பண்ணாது, டாக்டர் குடும்பமோ பெரிய சிநேகமோ இல்லாத பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு கிடைக்கணும்னு கவனமா இருக்கறவங்க நிறைய பேர் அந்த மேசையில உண்டு, நானும் அதுல ஒருத்தி.

இப்ப இன்னொரு மாதிரி, இதுவும் நானா யோசிச்சு எழுதுறதுதான். "மூணு வாரமும் காலை எட்டரைக்கெல்லாம் கிளினிக்ல இருப்பார். சர்க்கரை நோய் உள்ள வயசானவர் ஒருத்தர் மருந்தெல்லாம் சரியா சாப்பிடுறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, வெளியே கவுண்டர்ல இவர்கிட்ட மட்டும் உறை மேல எழுதியிருக்கறது படிக்கத் தெரியலைன்னு சொல்லியிருக்கார். டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு அவர்கிட்டயே அனுமதி கேட்டுட்டு இவர் என்னிடம் வந்து சொன்னார். அதுக்கப்புறம் உறையில சூரியனும் நிலாவும் வரைஞ்சு குடுக்க ஆரம்பிச்சோம். இன்னொரு நாள் ஒரு அம்மா ரூம்ல அழுதப்ப என்ன செய்றதுன்னு தெரியாம எழுந்து வெளியே போயிட்டார். சாயந்திரம் அவரே வந்து, அந்த இடத்துல நான் என்ன பண்ணியிருக்கணும்னு கேட்டார்." இத எழுதின டாக்டருக்கு டத்தோ பட்டம் கிடையாது, ஷாப்லாட்ல சின்னக் கிளினிக், ஆனா படிச்சவுடனே எனக்கு ஒரு பொண்ணு கண்ணு முன்னாடி வந்துட்டா. மனுஷங்க சொல்றத காது குடுத்துக் கேக்குறா, ரகசியம்னா என்னன்னு தெரியுது, தடுமாறினா அத மறைக்காம வந்து கேக்குறா. கடைசி வரிகள்ல ஒரு குறை வருது பாரு, வெளிய போயிட்டாங்கிறது, அந்தக் குறையும் இருக்கறதாலதான் மத்த எல்லாத்தையும் நான் நம்புறேன். வெறும் புகழ்ச்சியா இருந்தா அப்படி நம்ப மாட்டேன். இந்த மாதிரி ஒரு லெட்டர உன்னைப் பாத்தவரால மட்டும்தான் எழுத முடியும், அதனாலதான் கிளினிக் டாக்டர்கிட்ட கேளுன்னு சொல்றேன்.

அப்பாகிட்ட இத எப்படிச் சொல்றது? எதிர்த்துப் பேசினா மாதிரி இல்லாம, "அப்பா, யூகாஸ்ல டாக்டர் லெட்டரே வாங்க மாட்டாங்க, மத்த இடத்துல என்கூட வேல பாத்த டாக்டர்தான் எழுதணும்னு எதிர்பாப்பாங்க, அங்கிள் என்கூட வேல பாக்கல இல்ல"ன்னு சொல்லு. அங்கிளையும் விட்டுடாத, அவர்கிட்ட வேற உதவி கேளு. ஒரு அரை நாள் அவர் ஹாஸ்பிட்டல் அனுமதியோட அவர் கிளினிக்ல உக்காந்து பாக்கலாமான்னு கேளு, இல்லன்னா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து உன்னை அரை மணி நேரம் இன்டர்வியூ மாதிரி கேள்வி கேக்கச் சொல்லு. ஏன் நர்ஸிங் வேணாம், ஏன் ஃபிசியோ வேணாம், ஏன் டாக்டர்தான் ஆகணும்னு ஒரு சீனியர் டாக்டர் முகத்துக்கு நேரா கேக்கறப்ப வர்ற தடுமாட்டம் வீட்டுலயே வந்து போறது நல்லது. அவருக்கும் மரியாதை, அப்பாவுக்கும் மனசு ஆறும், உனக்கும் நிஜமான பிரயோஜனம்.

அடுத்து "நீயே எழுதிட்டு வா". இது இங்க ரொம்ப சாதாரணமா நடக்குது, எத்தனையோ நல்ல டாக்டருங்களே இப்படிச் சொல்லுவாங்க, காலையிலேர்ந்து ராத்திரி ஒன்பது பத்து மணி வரைக்கும் கிளினிக் ஓடுது, எங்க உக்காந்து எழுதுறது. இருந்தாலும் நீ எழுதாத. லெட்டர்ங்கிறது அவர் கண்ணால பாத்ததுக்கு அவர் குடுக்குற சாட்சி, அத நீ எழுதினா சாட்சியே இல்லாமப் போச்சு. எங்க மலேசிய மருத்துவ மன்றத்தோட (எம்.எம்.சி) நடத்தை விதியில பொய்யான, இல்ல தப்பா நினைக்க வைக்கிற சான்றிதழ்ல டாக்டர் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு இருக்கு, நாளைக்கு நீயும் எம்.சி-ங்கிற மெடிக்கல் லீவு சர்டிஃபிகேட்லயும் ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போடப் போற, கையெழுத்துன்னா என்னங்கிறத இந்த வயசுலயே சரியாப் பழகிக்கணும்னு நான் மனசார நினைக்கிறேன். அதோட இது கண்டுபிடிக்க முடியாத விஷயமும் இல்ல, உன் பெர்சனல் ஸ்டேட்மென்ட்ல வர்ற அதே வார்த்தைகள், அதே நடை லெட்டர்லயும் வந்தா படிக்கிறவங்களுக்கு ஒரு நொடியில தெரிஞ்சிடும், அப்புறம் மத்த எல்லாத்தையும் சந்தேகத்தோட பாப்பாங்க.

அதுக்குப் பதிலா நீ அவருக்கு ஒரே ஒரு பக்கம் தயார் பண்ணிக் குடு, அது லெட்டர் இல்ல, அவருக்கு ஞாபகப்படுத்துற குறிப்பு. எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் வந்த, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ரூம்ல உக்காந்தப்ப என்ன, கவுண்டர்ல என்ன வேல பாத்த, எந்த பாஷையில பேஷண்டோட பேசின, மலாய், தமிழ், ஹொக்கியன்ல ரெண்டு வார்த்தை பேசியிருந்தா கூட எழுது. அப்புறம் அவருக்கும் ஞாபகம் இருக்கக்கூடிய மூணு சம்பவம், ஒவ்வொன்னும் ரெண்டு மூணு வரி, அதுல நீ தடுமாறினது ஒன்னாவது இருக்கட்டும். எங்க அப்ளை பண்ற, லெட்டர் யாருக்கு எழுதணும், பி.டி.எஃப்-ஆ அனுப்பணுமா ஒட்டின கவர்ல வேணுமா, எந்தத் தேதிக்குள்ள வேணும், இதெல்லாம் மேலயே பளிச்சுன்னு இருக்கணும். பொறுமைசாலி, அறிவாளி, அன்பானவள் மாதிரி வார்த்தை ஒன்னு கூட நீ எழுதாத, அந்த வார்த்தைய எழுதுறதா வேணாமாங்கிறது அவர் முடிவு. லெட்டர்ஹெட், அவரோட எம்.எம்.சி நம்பர், கிளினிக் முத்திரை, தொடர்புக்கு ஒரு ஈமெயில், இது நாலும் லெட்டர்ல வேணும்னு பணிவா ஒரு வரி போட்டுடு, அவசரத்துல விட்டுடுவாங்க.

இங்க ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். அந்தக் குறிப்புல பேஷண்ட் பேரு வரக்கூடாது, ஐ.சி (அடையாள அட்டை) நம்பர், வீடு எந்தத் தாமான்ல (குடியிருப்புல) இருக்கு, என்ன வேல பாக்குறாங்க எதுவும் வரக்கூடாது. பட்டர்வொர்த் மாதிரி ஊர்ல "மார்க்கெட்ல மீன் விக்கிற, ஒரு காலு எடுத்த அங்கிள்"னு எழுதினாலே யாருன்னு பாதி பேருக்குத் தெரிஞ்சிடும். "வயசான ஒரு பேஷண்ட்" போதும். கிளினிக்ல எடுத்த போட்டோ எதுவும் ஃபோன்ல இருந்தா, பேஷண்டோட கையோ ரிப்போர்ட்டோ ஓரத்துல தெரியுதான்னு பாத்து அழிச்சிடு, ஸ்டோரியில போட்டிருந்தா அதையும் எடுத்துடு. ஒரு பிள்ளை சொன்ன கதையிலேர்ந்து பேஷண்ட் யாருன்னு பேனல்ல யாருக்காவது புரிஞ்சிடுச்சுன்னா அதுக்கப்புறம் எவ்வளவு நல்லாப் பேசினாலும் எங்க மனசு திரும்பி வராது.

சரி, எப்படிக் கேக்குறது. வாட்சாப்ல கேட்டது தப்பில்ல, ஆனா இந்த மாதிரி விஷயத்துக்கு நேர்ல போறதுதான் மரியாதை. கிளினிக் எப்ப காலியா இருக்கும்னு உனக்கே தெரியும், மூணு வாரம் அங்க நின்னவ, கவுண்டர்ல உள்ள அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வை, திங்கக்கிழமை காலையும் லீவு முடிஞ்ச மறுநாளும் போகாத. போய் அஞ்சு நிமிஷத்துல இந்த மாதிரி சொல்லு: "டாக்டர், நீங்க என்னை எழுதிட்டு வரச் சொன்னீங்க, ஆனா நீங்க பாத்தத நீங்களே எழுதினாதான் சரியா இருக்கும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு டைம் இல்லன்னு தெரியும், அதனால நான் செஞ்ச வேல எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் கொண்டாந்திருக்கேன். அரைப் பக்கம் போதும் டாக்டர். என்னைப் பத்தி நல்லா எழுதுற அளவுக்கு உங்களுக்குத் தெரியும்னு தோணினா எழுதிக் குடுங்க, இல்லன்னாலும் பரவால்ல டாக்டர், நான் தப்பா நினைக்க மாட்டேன்." கடைசி வரிய முழுங்கிடாத, அதுதான் முக்கியம். நம்ம ஆளுங்களுக்கு முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வராது, சங்கடப்பட்டு சரின்னு சொல்லிட்டு அப்புறம் உப்புச் சப்பில்லாம நாலு வரி எழுதித் தருவாங்க, அந்த லெட்டர் உனக்கு இல்லாம இருக்கறதே மேல். நீ வாசலத் திறந்து வச்சா அவர் தயங்கறப்ப உனக்குப் புரிஞ்சிடும், "பாக்கலாம்மா"ன்னு இழுத்தார்னா அத "முடியாது"ன்னே எடுத்துக்கோ, நன்றி சொல்லிட்டு வந்துடு.

அப்படி அவர் எழுதலன்னா என்ன? ஒரு உறுதிக் கடிதம் மட்டும் கேளு, இன்னார் இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் எங்க கிளினிக்ல வந்து பாத்தார்னு ரெண்டு வரி, அத எந்த டாக்டரும் மறுக்க மாட்டாங்க, அந்த ரெண்டு வரிய கிளினிக்ல டைப் பண்ணி முத்திரை வச்சுத் தர்றதுல ஒரு தப்பும் இல்ல, அது வெறும் தேதி விவரம். மத்தத உன் வாயால இன்டர்வியூல சொல்லிக்கலாம். இன்னொரு வழியும் யோசி, முதியோர் இல்லம், டயாலிசிஸ் சென்டர், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்த மாதிரி இடத்துல மாசக்கணக்கா போயிருந்தேன்னா அங்க உள்ள பொறுப்பாளர் எழுதுற லெட்டர், மூணு வாரம் பாத்த டாக்டர் லெட்டர விட ஆழமா இருக்கும். யூ.கே மெடிக்கல் ஸ்கூல்கள் அனுபவம்னு சொல்றப்ப ஹாஸ்பிட்டல மட்டும் நினைக்கிறதில்ல, வயசானவங்களக் குளிப்பாட்டின அனுபவத்தையும் சோறு ஊட்டின அனுபவத்தையும் அவங்க பெருசாத்தான் மதிக்கிறாங்க, எனக்கும் அதே எண்ணம்தான்.

ஜி.எச்-ல, அதாவது அரசாங்க ஹாஸ்பிட்டல்ல, அட்டாச்மென்ட் பண்ற (கூட இருந்து பாக்குற) பிள்ளைங்களுக்கும் சேத்து சொல்லிடுறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வருது. அங்க உங்ககூட அதிகமாப் பேசுறது ஹவுஸ்மேன் டாக்டராத்தான் இருப்பார், உங்களுக்கு அண்ணன் அக்கா வயசு, ஆனா அவர் இன்னும் பயிற்சியில உள்ளவர், 2 வருஷத்துல 6 போஸ்டிங், நாலு மாசத்துக்கு ஒரு தடவை வார்டு மாறிப் போயிடுவார், லெட்டர் அவர்கிட்ட கேக்காதீங்க. எம்.ஓ-ங்கிற மெடிக்கல் ஆபீசர்கிட்டயோ ஸ்பெஷலிஸ்ட்கிட்டயோ கேக்கணும், அவங்க உங்கள முழுசாப் பாத்திருக்க மாட்டாங்க, அதனால "நான் வேல பாத்தத வார்டு மிஸிக்கும் (நர்ஸுக்கும்) தெரியும் டாக்டர், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க"ன்னு சொல்லுங்க. நான் ஹாஸ்பிட்டல்ல இருந்த காலத்துல யாருக்காவது லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி மிஸிங்கள கேக்காம எழுதினதில்ல, டாக்டர் முன்னாடி பவ்யமா இருந்துட்டு தரை துடைக்கிற அக்காவ அதட்டுற பிள்ளைய அவங்கதான் பாத்திருப்பாங்க. அட்டாச்மென்ட் முடியற கடைசி வாரத்துலயே கேட்டுடுங்க, ஆறு மாசம் கழிச்சுப் போனா உங்க முகமே மறந்திருக்கும், எம்.ஓ வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிருப்பார்.

எவ்வளவு நாள் முன்னாடின்னு கேட்டா, டாக்டருக்கு ஆறு வாரமாவது குடு. தீபாவளி அக்டோபர் நவம்பர்ல வருது, யூகாஸ் தேதியும் அக்டோபர்ல, எல்லாம் ஒன்னா வந்து விழும், அதனால ஆகஸ்ட் மாசமே போய் நில்லு. சரின்னு சொல்லிட்டு சத்தம் இல்லாம இருந்தார்னா மூணு வாரம் கழிச்சு ஒரு மெசேஜ், தேதி நெருங்கறப்ப இன்னொன்னு, ரெண்டோட நிறுத்திக்கோ, வீட்டு நம்பருக்குக் கூப்பிடுறது, அப்பாவ விட்டுப் பேச வைக்கிறது எதுவும் வேணாம். லெட்டர் கையில வந்ததும் ஒரு நன்றி கார்டு கையால எழுதிக் குடு, ஹேம்பர் கீம்பர் வாங்கிட்டுப் போகாத, பணம் கண்டிப்பாக் கூடாது, வாங்கிக்கிற டாக்டருக்கும் அது நல்லதில்ல. ரிசல்ட் வந்தா, கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும், போய்ச் சொல்லு. லெட்டர் எழுதின பல பிள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு எங்களுக்குத் தெரியறதே இல்ல, கிடைக்காதவங்க வெக்கப்பட்டு வராமப் போயிடுறாங்க, ஆனா அவங்களத்தான் நாங்க அதிகமாப் பாக்க ஆசைப்படுறோம், அடுத்த வருஷம் என்ன பண்ணலாம்னு உக்காந்து பேசலாம் இல்ல.

இப்போதைக்கு உனக்கு வேல ரெண்டுதான்மா. நாளைக்கு காலேஜ்ல உன் ரெஃபரன்ஸ் எழுதப்போற டீச்சர் யாரு, அவங்களுக்கு எந்தத் தேதிக்குள்ள விவரம் வேணும்னு கேட்டுக்கோ. இந்த வாரக் கடைசியில அந்த ஒரு பக்கக் குறிப்ப எழுதி முடி, எழுதினதும் பேஷண்ட் விவரம் எதுவும் தங்கிடுச்சான்னு இன்னொரு தடவை படிச்சுப் பாத்துட்டு கிளினிக்குக்குக் கொண்டு போ.